செவிமடுத்தலும் ஒரு சேவையே

கோயில் நகரமான திருப்பதி ஒரு கல்வி நகரமும் ஆகும். 1954-இல் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும், 1983-இல் நிறுவப்பட்ட பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இங்கு உள்ளன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் இங்கு வந்து விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதையும் சுமந்து வரும் இவர்களுள் சிலர் மனம் நொந்து தவிப்பதும் உண்டு.

தேசியக் குற்றப் பதிவேட்டுத் துறையின் கணக்குப்படி, 2022-இல் நாடெங்கும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். இவ்வுயிர்களுள் பலவற்றைக் காத்திருக்க முடியும். அதற்கான முதற்படி, அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதேயாகும்.

கேட்கும் முறை

தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவன் ஒருவன் விடுதிக் காப்பாளரிடம், "எதிலும் மனம் ஒட்டவில்லை, சார்" என்கிறான் எனக் கொள்வோம். "உன் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார், தெரியுமா?" என்று அவர் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மாறாக, "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? உட்கார், சொல்" என்றால் அவன் மனம் திறக்கும். இடைமறித்தல், பிற மாணவரோடு ஒப்பிடுதல், உடனே அறிவுரை கூறுதல் ஆகிய மூன்றும் தவிர்க்கத்தக்கவை.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என நேரடியாகக் கேட்டால் அவ்வெண்ணம் தூண்டப்படும் என்று பலர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் ஆதாரமற்றது என ஆய்வுகள் காட்டுகின்றன. பரிவோடு கேட்பது பாரத்தைக் குறைக்கவே செய்யும். உண்டு என்று விடை வந்தால் அவனைத் தனியே விடலாகாது. எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களிப்பதும் தவறு. பெற்றோரையும் மருத்துவரையும் உடனே நாட வேண்டும்.

தாய்மொழியின் பங்கு

1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது; சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரங்களில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் பல. பாடத்தை ஆங்கிலத்தில் எழுதும் மாணவனும் துயரத்தைத் தாய்மொழியிலேயே சொல்ல விழைவான். ஆலோசகர் நியமனத்தில் இது கருதத்தக்கது.

செய்ய வேண்டுவன

ஆந்திரப் பிரதேசத்தில் பயிற்சி பெற்ற மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 15 வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்களில் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். ஊழியர் அனைவர்க்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி அளித்தல் வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

ஆயினும் ஆணையும் தொலைபேசி எண்ணும் மட்டும் போதா. இரவில் விடுதியில் விழித்திருக்கும் மாணவனை முதலில் காண்பவர் காவலாளியோ சமையற்காரரோ அறைத்தோழனோதான். பயிற்சி அவர்கள்வரை சென்று சேர வேண்டும். மனிதவளமே நாட்டின் தலையாய மூலதனம் என்கிறோம். அம்மூலதனத்தைக் காக்க இங்கு வேண்டுவது பெருஞ்செலவு அன்று. சற்று நேரமும் பொறுமையுமேயாகும்.