கிள்ளாமல் விடுவதும் வைத்தியமே

அன்புள்ள இளம் அறுவை மருத்துவருக்கு,

தேனியில் உங்களிடம் ஒருவர் வந்து, சோறு நெஞ்சிலேயே நிற்கிறது என்றால் முதலில் புற்றுநோயைத்தான் சந்தேகிக்க வேண்டும். உணவுக்குழாயில் புற்றல்லாத கட்டிகள் மிக அரிது. ஆனால் அந்த அரிய கட்டி எதிர்ப்படும் நாளில், புற்றைத் தேடிப் பழகிய கையே கெடுதல் செய்துவிடக்கூடும். புற்றல்லாத கட்டிகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு லியோமயோமா. அது உட்சவ்வில் முளைப்பதில்லை, தசைச்சுவரில் வளர்வது. எண்டோஸ்கோபியில் வழுவழுப்பான சவ்வு மூடிய மேடாகத் தெரியும். அங்கே பயாப்சிக்குக் கிள்ளினால் பெரும்பாலும் நல்ல சவ்வுதான் கையில் வரும், கட்டி வராது. கிள்ளிய இடம் ஆறும்போது சவ்வு கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னாளில் கட்டியை எடுக்கையில் கிழிவது அந்த இடம்தான். நெஞ்சுக்குள் எச்சில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த அறுவையே சவ்வைக் காப்பதில்தான் நிற்கிறது. பலாச்சுளை சிதையாமல் கொட்டையை எடுப்பதுபோல, தசைநாரை நீளவாக்கில் விலக்கிக் கட்டியை மட்டும் உரித்தெடுத்து, சவ்வில் ஓட்டையில்லை என்று காற்றுச் செலுத்திப் பார்த்து, தசையைத் தைத்துவிடுகிறோம். 1990களிலிருந்து இதை நெஞ்சைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியே செய்ய முடிகிறது. அவ்வழியில், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து 130 பேருக்குச் செய்த உணவுக்குழாய்ப் புற்று அறுவைகளைக் கோவையில் டாக்டர் பழனிவேலு குழுவினர் 2006இல் பதிவுசெய்தார்கள். ஆகவே, திறமைக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஆனால் எந்தத் திறமையும் முன்பே தழும்பேறிய சவ்வை எளிதில் மீட்டுத் தராது.

"பயாப்சி இல்லாமல் புற்றில்லை என்று எப்படி நம்புவது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. சவ்வில் புண் இருந்தால் தயங்காமல் பயாப்சி எடுங்கள். வழுவழுப்பாக இருந்தால், கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் காட்டும். புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் கட்டியோ என்ற ஐயம் வலுத்தால் அந்த அல்ட்ராசவுண்டின் துணையோடு ஊசியால் திசு எடுக்கலாம். அதற்காக மதுரைக்கோ கோவைக்கோ அனுப்ப நேர்ந்தால் அது உங்கள் தோல்வியன்று.

"விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் கூலிப் பெண் மறுபரிசோதனைக்கு வருவாரா? இப்போதே எடுத்துவிட்டால் என்ன?" என்றும் கேட்கலாம். தொல்லை தரும் கட்டியை, பெரிதாகி வரும் கட்டியை எடுக்கத்தான் வேண்டும். தொல்லை தராத சிறு லியோமயோமா புற்றாவது அரிதிலும் அரிது. அதை அறுப்பது பல வாரக் கூலியையும் சேர்த்தே அறுப்பதாகும். அவருக்குப் புரியும் பேச்சில் விளக்கி, கட்டியின் அளவைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து, காய் பறிப்பு ஓயும் மாதத்தில் வரச்சொல்லுங்கள். அதைச் சொல்லச் செலவிடும் பத்து நிமிடமும் உங்கள் அறுவைத் தொழிலில் சேர்ந்ததுதான்.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர்