திறந்தது தொழிற்சாலைக் கதவு!

துப்பாக்கித் தயாரிப்பில் தனியாரையும் அனுமதித்துவிட்டார்களாமே? காட்டுப்பன்றித் தொல்லைக்கு இனி நானும் எளிதாக ஒன்று வாங்கிவிடலாமா?
– ஒரு விவசாயி, தேனி

கதவு திறந்தது தயாரிப்பவருக்குத்தான். வாங்குபவருக்கு அதே பழைய பூட்டுதான். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரோடு, இப்போது உத்தரப் பிரதேசம் சண்டீலாவில் தயாராகும் வெப்லி அண்ட் ஸ்காட் ரிவால்வரும் கிடைக்கிறது. ஆனால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாதவருக்குக் கடைக்காரர் ஒரு தோட்டாகூட விற்க முடியாது.

உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். காவல் துறை விசாரணை உண்டு. 'ஆசையாக இருக்கிறது' என்பது காரணம் ஆகாது. நிலப் பத்திரம், பயிர்ச்சேத ஆதாரம் எல்லாம் கையில் இருக்கட்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் 2 துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

இன்னொன்று: உரிமம் கிடைத்தாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்களாகப் பன்றியைச் சுட முடியாது. எனவே முதலில் வனத்துறையில் பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். அதற்கு உரிமம் தேவையில்லை!