சிறுநீர் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துடாதீங்க, பரணிலும் போட்டுடாதீங்க



பென்னாகரம் பக்கம் ஒரு குழுக் கூட்டம் முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் ஒரு சீட்டை நீட்டினார். "மேடம், பாப்பாவுக்கு கிட்னியில சீழ் பிடிச்சிருக்காம். உள்கடன் மூவாயிரம் வேணும்" என்று அழுதார். ஆறு வயதுப் பெண் குழந்தை. சரியாகச் சாப்பிடவில்லை என்று டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. சீட்டில் 'பஸ் செல் 10-12' என்று இருந்தது.

சிறுநீரை எப்படிப் பிடிச்சீங்க என்று கேட்டோம். பழைய டானிக் பாட்டிலில் முந்தின நாள் சாயங்காலமே பிடித்து வைத்து, காலையில் கொண்டுபோனாராம்! ஆரம்ப சுகாதார நிலையத்தில் முறையாகப் பிடித்துக் கொடுத்ததும் 2-3 என்று வந்தது. கடன் தேவைப்படவில்லை.

பஸ் செல் என்பது ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுதான். ஐந்து வரை பொதுவாக இருக்கும். அதிகமானால் கிட்னி போச்சு என்று அர்த்தமில்லை. லேப்பில் தரும் மூடி போட்ட டப்பாவை வாங்குங்கள். பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆனால் காய்ச்சல், எரிச்சல், அடிவயிற்று வலியோடு பஸ் செல்லும் கூடியிருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். மாத்திரை தொடங்கும் முன்பே கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சளி, இருமல் இல்லாமல் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும் சிறுநீர் பார்க்கணும். அதுக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாதே.

'புரதம்' என்ற இடத்தில் ஒரு கூட்டல் குறி காய்ச்சலிலும் வரும், ஓடி விளையாடினாலும் வரும். குணமானபின் காலையில் போகும் முதல் சிறுநீரில் திரும்பப் பாருங்கள். மூன்று கூட்டல், தூங்கி எழுந்ததும் கண்ணும் முகமும் வீக்கம் என்றால் உடனே டாக்டரிடம் போகணும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாத்திரையிலேயே குணமாகும். வீக்கம் வடிஞ்சதும் நீங்களாக நிறுத்திடாதீங்க.

சொறி சிரங்கோ தொண்டை வலியோ வந்து சில வாரங்களில் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பாகப் போகும், அது வேறு.

'சர்க்கரை' கூட்டல் என்று வந்து, பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போய், இளைத்துக்கொண்டே வந்தால் மறு டெஸ்ட் எல்லாம் வேண்டாம். அன்றைக்கே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தி, மூச்சிரைப்பு இருந்தால் 108-ஐ கூப்பிடுங்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

பாலக்கோட்டில் ஒருவர், "நம்ம ஊர்த் தண்ணியில ஃப்ளோரைடு இருக்கே, அது இந்தச் சீட்டுல தெரியுமா?" என்றார். நல்ல கேள்வி. தெரியாது. அதற்குத் தனி டெஸ்ட் உண்டு. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருதுன்னா, குடிக்க மட்டுமில்லை, சோறு பொங்கவும் அதையே பிடித்து வையுங்கள்.