ஒரே தண்ணீரில் மீனும் கீரையும்: யாழ்ப்பாணக் கிணற்றடிக்கு ஒரு கணக்கு



ஊரிலுள்ள உறவினர் வீட்டு வளவில் மீன்தொட்டியும் கீரைப் பாத்தியும் சேர்ந்த தோட்டம் ஒன்றை அமைக்கப் பணம் அனுப்பலாமா என்ற கேள்வி எம்மவரிடையே அவ்வப்போது எழுகின்றது. 2021ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு மரக்கறி விலை ஏறியபோது இக்கேள்வி மேலும் வலுத்தது. அக்குவாபோனிக் என்று சொல்லப்படும் இம்முறையை யாழ்ப்பாணத்தின் வெயிலையும் கிணற்றுத் தண்ணீரையும் மனதில் வைத்து இம்முறை ஆராய்வோம்.

எமது டோர்ட்மண்ட் நகருக்கும் இது புதிதல்ல. 1992இல் மூடப்பட்ட ஹன்சா கற்கரி ஆலை இருக்கும் ஹுக்கார்ட பகுதியைக் களமாகக் கொண்டு, 2018 முதல் 2023 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் நடைபெற்ற புரோகிரெக் திட்டத்தில் அக்குவாபோனிக்கும் ஓர் அங்கமாக இருந்தது. ஆனால் இங்கே மாரியில் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். திலாப்பியா மீன் (தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்பர்) 27 முதல் 30 பாகை வெப்பத்தில்தான் நன்றாக வளரும். ஊரில் அந்தச் சூடு இலவசம். அதனால்தான் இம்முறையைப் பெரிதும் வளர்த்தவர்களும் ஒரு வெப்பத் தீவினராக இருந்தார்கள். கரிபியன் கடலிலுள்ள சென் குறோய் தீவில், வேர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் றக்கோசி 1980களில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதனை ஆராய்ந்தார். நன்னீர் குறைந்த தீவு அது. ஆறில்லாத எமது குடாநாட்டுக்கும் அதே நிலைமைதான்.

இனி வேலை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். மீன் தின்ற உணவின் கழிவு அமோனியாவாகத் தண்ணீரில் சேர்கின்றது. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களில் ஒரு வகை அதனை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு; மூன்றாவது பயிருக்கு உணவு. பயிர் அதை உறிஞ்ச, தண்ணீர் மீண்டும் தொட்டிக்குத் திரும்புகின்றது. இந்தப் பற்றீரியாக்கள் கற்களிலும் குழாய்களிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். தொட்டி கட்டிய மறுநாளே நூறு மீன்குஞ்சு வாங்கி விடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

எமது தொழில் கணக்கு எழுதுவது என்பதால் ஓர் ஐந்தொகையும் போட்டுப் பார்ப்போம். 1000 லீற்றர் தொட்டியில் 20 கிலோவுக்கு மேல் மீன் வேண்டாம். அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம் உணவு உண்ணும். அதில் 32 சதவீதம் புரதம் என்றால் 64 கிராம். அதற்குள் இருக்கும் நைதரசன் 10 கிராம். மூன்று கிராமளவில் மீனின் உடலில் சேர, மிகுதி ஏழு கிராம் தண்ணீருக்கு வரவாகின்றது. செலவெழுதப் பயிர் வேண்டுமே! ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் 2014இல் வெளியிட்ட கைநூல், கீரை வகைக்குச் சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீனுணவு என்று கணக்கிடுகின்றது. அப்படியானால் 200 கிராமுக்கு நான்கு அல்லது ஐந்து சதுர மீற்றர் பாத்தி. கங்குன், பசளி, பொன்னாங்காணி, வல்லாரை யாவும் நன்கு வரும். மிளகாயும் கத்தரியும் தக்காளியும் பின்னர் பார்க்கலாம், அவற்றுக்கு உணவு கூடுதலாக வேண்டும். வெங்காயத்தை இதில் நினைக்கவே வேண்டாம், அது தோட்டத்து மண்ணுக்கே உரியது.

யாழ்ப்பாணத்தில் இக்கணக்கை மாற்றுபவை இரண்டு: வெயிலும் சுண்ணாம்புக்கல்லும். 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் ஏழரைதான். அந்தச் சூட்டில் மீனுக்கோ மூச்சு கூடுதலாக வேண்டும். எமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதால் அதன் காரத்தன்மையும் உயர்ந்தது. பீஎச் 7, வெப்பம் 20 பாகை என்றால் அமோனியாவில் நஞ்சான பங்கு அரைச் சதவீதத்துக்கும் குறைவு. பீஎச் 8, வெப்பம் 30 பாகை என்றால் அது ஏழு சதவீதத்தைத் தாண்டுகின்றது. ஐரோப்பியத் தொட்டியில் ஆபத்தில்லாத அதே அளவு, அங்கே மீனைக் கொல்லலாம். ஆகவே தொட்டிக்கு நிழல் அவசியம்; மீனைக் குறைவாக விடுவதும் அவசியம். மாரி மழைநீரைச் சேர்த்துக் கலப்பது மிக நல்லது. அதே காரத்தன்மை இரும்புச்சத்தையும் பயிருக்கு எட்டாமல் செய்துவிடும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் கீலேற்று இரும்பு வாங்கிக் கரைக்க வேண்டும். பாத்திக்குக் கருங்கல் சல்லியே போட வேண்டும். சந்தேகமான கல்லில் சிறிது வினாகிரி விட்டால் போதும், நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்.

மின்சாரம் அடுத்த கவலை. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. பம்பியும் காற்றும் நின்றால், நெருக்கமாக மீன் விட்ட தொட்டியில் ஓரிரு மணிநேரத்துக்குள்ளேயே மீன்கள் சாகத் தொடங்கலாம். பற்றறியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றை முதலில் வாங்கிய பின்னரே தொட்டியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எமது கருத்து. வயோதிபர் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதனை அனுப்புவதை நாம் ஆதரிக்க மாட்டோம். அங்கே நல்ல வேலியும் நான்கு முருங்கையும் போதும்.

தொட்டியின் அடியில் படியும் சேற்றை எங்கே ஊற்றுவது? இதை எவரும் கேட்பதில்லை. உரமும் மலசலகூடக் குழிகளும் காரணமாகக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்டால் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. மூடிய சுற்றில் ஓடும் இத்தோட்டம் கிணற்றைக் காக்கக்கூடியதே. ஆனால் சேற்றைக் கிணற்றடியில் கொட்டினால் எல்லாம் வீண். தூரத்திலுள்ள வாழைக்கும் தென்னைக்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து ஊற்றச் சொல்லுங்கள்.

சைவ போசனக் குடும்பங்கள் இதில் ஈடுபடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மீனை உண்ண வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தங்கமீன்களும் அதே வேலையைச் செய்யும், கீரையும் அதே கீரைதான். கடல்மீனுக்குப் பழகிய எமது ஊரார் தொட்டித் திலாப்பியாவைச் சட்டியில் ஏற்றுவார்களா என்பது வேறு விடயம்!

செய்யத் துணிபவர்கள் ஒரு தொட்டியுடனும் பத்துக் கிலோ மீனுடனும் இரண்டு சதுர மீற்றர் கங்குனுடனும் தொடங்கட்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் பார்க்கும் சோதனைப் பெட்டியை இங்கிருந்தே மீன்வளர்ப்புக் கடையில் வாங்கி, ஊருக்குப் போகும் எவரிடமாவது கொடுத்து விடலாம், பாரம் சிறிது. முதல் இரண்டு மாதங்களின் அளவுகளை ஒரு கொப்பியில் திகதி வாரியாக எழுதி, அதன் படத்தை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது தொட்டிக்கான பணத்தை அந்தக் கொப்பியைப் பார்த்த பின்னர் அனுப்பலாம்.