செபம் மட்டும் போதுமா?

கேள்வி: கொரோனா போன்ற கொள்ளைநோய்க் காலத்தில், உலகில் ஒடுக்கப்படும் கிறிஸ்தவர்களுக்காகச் செபிப்பதோடு வேறென்ன செய்யலாம்?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: எங்கள் வரலாற்றிலேயே இதற்கு வழி இருக்கிறது. இலங்கையில் ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தபோது, 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதா சுருவத்தோடு ஓடிவந்தவர்களுக்கு எங்கள் மடுக் காடுதான் அடைக்கலம். இப்படி ஒளித்து வாழ்ந்த மக்களைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து வந்தவர் யோசேப்பு வாஸ் அடிகளார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளரைச் சொந்தங்களே கைவிட்டபோது, அவர் உணவூட்டினார், புண் கழுவினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். எந்தச் சமயமென்று கேட்கவில்லை. ஒடுக்கப்பட்ட சபையின் குரு அவர். ஒடுக்கப்பட்டவரே சமயம் பாராமல் உதவியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதற்கு மாறாக, 2020இல் கொரோனாக் காலத்தில் பாகிஸ்தானின் கராச்சியில் கிறிஸ்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் நிவாரண உணவு மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இடப்பெயர்வில் நிவாரண வரிசையில் நின்ற எங்களுக்கு அந்த வலி விளங்கும். செபமாலையில் அவர்களை நினையுங்கள். இயன்ற காசைப் பங்குத்தந்தை மூலம் கத்தோலிக்க உதவி நிறுவனமான காரித்தாசுக்குக் கொடுங்கள். உதவி பெறுவோரின் பெயரையும் படத்தையும் முகநூலில் போடவேண்டாம். அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.