மனசையும் ஹேண்ட் ஓவர் கொடு, தங்கச்சி

2021 மே மாதம் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அப்போது கோவிட் வார்டில் வேலை பார்த்த நர்ஸுகளில் சிலருக்கு இன்றும் மானிட்டர் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடும். இனி ஒரு தொற்று வந்தால் அங்கே நிற்கப்போவது புது நர்ஸான நீ. அக்கா சொல்வதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

பிபிஇ கிட் போட்டால் மணிக்கணக்கில் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. அதற்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. கழற்றியதும் முதல் வேலை தண்ணீர்தான். மாதவிடாய் நாட்களில் டூட்டியை மாற்றிக் கேட்கத் தயங்காதே.

பெரிய பாரம் வேறு. சொந்தக்காரர்கள் உள்ளே வர முடியாது. மூச்சுக்குத் திணறும் ஒருவரின் முகத்துக்கு நேரே நீதான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கிளவுஸ் விரலுக்குத் திரை நகராது. கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அந்தப் பக்கம் ஒரு பெண் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அதற்குள் பக்கத்து படுக்கையில் அலாரம் அடிக்கும், ஓடுவாய். அழ நேரமே இருக்காது.

அந்த அழுகையை வீட்டுக்குக் கொண்டுபோகாதே. நோயாளியை அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைப்பதுபோல இதையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பு. கூட டூட்டி பார்த்தவளிடம் பத்து நிமிஷம் உட்கார். "அந்த ஓரத்துப் பெட் ஐயா போயிட்டாருடி, தாங்கல" என்று வாய்விட்டுச் சொல். அவள் ஆறுதல் சொல்லவே வேண்டாம், காது கொடுத்தால் போதும். படுக்கை இல்லாததும் ஆக்சிஜன் பற்றாததும் உன் குற்றமில்லை என்று அவளும் உனக்குச் சொல்லட்டும், நீயும் அவளுக்குச் சொல்.

வார்டு இன்சார்ஜ் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை: புதுப் பிள்ளையைத் தொடர்ந்து ஐசியுவிலேயே போடாதீர்கள்.

வெளியிலிருந்து வரும் காயமும் உண்டு. 2020 ஏப்ரலில் கோவிட்டில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியதை என்னால் மறக்க முடியவில்லை. அதே மாதம் தொற்றுநோய்ச் சட்டத்தை மத்திய அரசு திருத்தியது. தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளரை அடிப்பது மட்டுமல்ல, நிம்மதியாக வாழவிடாமல் தொல்லை கொடுப்பதும் அதன்படி குற்றம். தொற்று வார்டில் வேலை பார்க்கிறாய் என்று வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னால் அழுதுகொண்டு பெட்டி கட்டாதே, புகார் கொடு.

தூக்கம் இல்லாமல், சோறு இறங்காமல் இரண்டு வாரம் போனால் மனநல டாக்டரைப் பார். செத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றினாலும் காத்திருக்காதே. 14416, டெலி மனஸ் என்ற மனநல உதவி எண். எந்த நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். இப்போதே போனில் பதிந்துகொள்.