கதை எழுதும் பிள்ளைக்குக் கட்டணம் எதற்கு?

உங்கள் வீட்டில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கதை எழுதி வைக்கும் பிள்ளை இருக்கிறதா? அப்படியென்றால் இந்த வாட்ஸ்அப் அழைப்பு உங்களுக்கும் வந்திருக்கலாம்: "குழந்தையின் கவிதை புத்தகமாக வரும், சான்றிதழ் உண்டு, கட்டணம் இவ்வளவு." பணம் அனுப்பும் முன் கொஞ்சம் நில்லுங்கள். பணம் கட்டிய எல்லாருடைய எழுத்தும் அச்சாகிறது என்றால், பிள்ளை அதில் கற்றுக்கொள்வது என்ன?

நல்ல எழுத்துப் பயிற்சி வேறு மாதிரி நடக்கும். 'மழை' என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் "மழை இயற்கையின் கொடை" என்றுதான் தொடங்குவார்கள். பயிற்றுநர் அதை அடிக்க மாட்டார், கேள்வி கேட்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளத்தில் இருந்த பிள்ளையிடம், "அன்னைக்கு தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? வீட்ல முதல்ல எதைத் தூக்கி மேல வச்சீங்க?" என்பார். "காலி சிலிண்டர் மிதந்துச்சு சார். பாட்டி ரேஷன் கார்டைத்தான் முதல்ல எடுத்தாங்க" என்று பதில் வரலாம். அதை அப்படியே எழுதச் சொல்வார். கதை அங்கேதான் தொடங்குகிறது.

இதை வீட்டிலும் செய்யலாம். பிள்ளை வாயால் சொல்வதை போனில் பதிவு செய்யுங்கள்; பிறகு அதையே கேட்டு எழுதச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்து அழகுபடுத்தாதீர்கள். எழுத்துப்பிழையைக் கடைசியில் பார்த்துக்கலாம்.

அடுத்து, எங்கே கொண்டுபோவது? அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. ஆட்டம் பாட்டம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கதை, கவிதை எழுதும் போட்டிகளும் உண்டு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகலாம். (நம்ம ஆட்கள் குழம்பும் இடம் ஒன்று: தாம்பரம் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம். சென்னை மாவட்டப் போட்டி அறிவிப்பைப் பார்த்து ஓட வேண்டாம்.) பள்ளிக் கல்வித் துறை 4, 5-ஆம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' இதழ்களை வெளியிடுகிறது. பிள்ளையின் எழுத்தை அனுப்புவது பற்றி வகுப்பு ஆசிரியரிடமோ தமிழாசிரியரிடமோ கேளுங்கள்.

தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூலகம் இருக்கிறது. உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று நூலகரிடம் விசாரியுங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். அங்கே சிறுவர் பிரிவு தனியாக உண்டு. போக முடியாத நாளில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் போனிலேயே இலவசமாகத் திறந்து படிக்கலாம்.

எங்கே அனுப்பினாலும் எழுதிய தாளை முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத குழுக்களில் பிள்ளையின் படம், பள்ளி, போன் நம்பர் மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள்.